எங்கிருந்து எடுத்தது?

(நெமிலிச்சேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் நோய்க்குறியியல் மருத்துவர். ஊசி போடுவதில்லை, நாடி பிடிப்பதில்லை. உங்களில் யாரும் என்னை மருத்துவமனையில் பார்த்திருக்க மாட்டீர்கள். உங்களில் சிலருடைய உடம்பின் ஒரு துண்டை நான் பார்த்திருக்கக்கூடும். அறுவை அரங்கில் எடுத்த கட்டி ஃபார்மலின் பாட்டிலில் எங்கள் கூடத்துக்கு வரும். அதை மெழுகில் பதித்து, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, நீலமும் ரோஜாவுமாகச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைப்போம். ‘பயாப்சி ரிப்போர்ட்’ என்று உங்கள் கைக்கு வரும் ஒற்றைத் தாளுக்குப் பின்னால் நடப்பது இவ்வளவுதான்.

முதுநிலை படிக்கும்போது பேராசிரியர் ஒரு நாள் ஒரு தகட்டை வைத்து, “என்ன திசு, எழுதும்மா” என்றார். பார்த்தேன். மேலே செதில் செதிலான செல் அடுக்கு. அதன் கீழே மயிர்க்கால்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்ணெய்ச் சுரப்பி, கொஞ்சம் தள்ளி வியர்வைச் சுரப்பி, அடியில் கொழுப்பு. ‘தோல்’ என்று எழுதினேன். “சரிதான். எங்கிருந்து எடுத்தது?” என்றார். புறங்கையாக இருக்கும் என்றேன். “ஒரு குழந்தையின் கருவிழி ஓரத்திலிருந்து” என்றார்.

அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு.

களையல்ல, வேறு பயிர்

நம் ஊரில் ‘கட்டி’ என்று ஒரே சொல்தான். கொழுப்புக் கட்டியும் கட்டிதான், சீழ்க் கட்டியும் கட்டிதான், புற்றுநோயும் கட்டிதான். சொல் ஒன்றாக இருப்பதால் பயமும் ஒன்றாகிவிட்டது. கட்டி என்று காதில் விழுந்ததும் வீட்டில் பாதிப் பேர் “உடனே எடுத்துடுங்க” என்பார்கள். மீதிப் பேர் “கத்தி பட்டா பரவிடும்” என்பார்கள். இரண்டு பேச்சும் அது என்ன கட்டி என்று கேட்காத பேச்சு.

கட்டிகளில் ஒரு தனி வகை உண்டு. அதைச் சீவிப் பார்த்தால் உள்ளே இருப்பது முழுக்க ஆரோக்கியமான, ஒழுங்கான திசு. ஆனால் அது அங்கே இருக்க வேண்டியதில்லை. கண்ணில் தோல், குடலில் இரைப்பையின் உள்சவ்வு, நாக்கில் தைராய்டு. அபூர்வமாக நாக்கில் எலும்புகூட இருக்கும். 1913இலேயே அது மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறது. இந்த வகைக்குக் கோரிஸ்டோமா என்று பெயர். ஜெர்மானிய நோய்க்குறியியலாளர் ஓய்கன் ஆல்பிரெக்ட் 1904ஆம் ஆண்டு இப்படிப் பிரித்துச் சொன்னார். கிரேக்கத்தில் ‘பிரிந்து நிற்பது’ என்று பொருள். இருக்க வேண்டிய திசுவே இருக்க வேண்டிய இடத்தில் தாறுமாறாகக் குவிந்தால் அதற்கு ஹமார்டோமா என்று வேறொரு பெயரை வைத்தார்.

இந்தப் பக்கம் இன்று மனைப் பிரிவுகளாகிவிட்டாலும், வெளிவட்டச் சாலை வருவதற்கு முன் இங்கே நெல் விளைந்ததைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களுக்கு எளிதாகப் புரியும். நெல் வயலில் கோரை மண்டினால் அது களை. பிடுங்காவிட்டால் பயிரைத் தின்றுவிடும். புற்றுநோய் அந்தக் கணக்கு. அதே வயலில் ஓரமாக நாலு கேழ்வரகுப் பயிர் முளைத்து நிற்கிறது. அது களையா? நல்ல பயிர்தான், வயல்தான் வேறு. கோரிஸ்டோமா அந்தக் கேழ்வரகு.

அது எப்படி அங்கே முளைத்தது? கரு உருவாகி 4ஆம் வாரம் முடியும்போது அதன் நீளம் ஓர் உளுந்து அளவு. அடுத்த 4 வாரங்களில் அந்த உளுந்துக்குள் எல்லா உறுப்புக்கும் அடிக்கல் நாட்டி முடிகிறது. செல்கள் இடம் பெயர்ந்து, மடிந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, வேலை முடிந்த குழாய்கள் மறைந்து, எல்லாம் ஒரே நெரிசலில் நடக்கும். அதில் ஒரு பிடி செல் வழியிலேயே தங்கிவிடுவதுண்டு. தங்கிய இடத்தில், தான் ஆக வேண்டியதாகவே ஆகிவிடும்.

அபூர்வமான நோய் என்று நினைக்க வேண்டாம். இன்று இரவு பல் துலக்கும்போது மேல் உதட்டைச் சற்று மடித்து, கன்னத்தின் உட்புறத்தையும் இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். ரவை தூவியது போல மஞ்சள் நிறப் பொடிப் புள்ளிகள் தெரிந்தால் அவை எண்ணெய்ச் சுரப்பிகள். தோலில் மயிர்க்காலோடு இருக்க வேண்டியவை, மயிர் இல்லாத வாய்க்குள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. 1896இல் இவற்றைப் பதிவு செய்த அமெரிக்க மருத்துவர் ஃபோர்டைஸ் பெயரால் அழைக்கிறோம். வளர்ந்தவர்களில் 10 பேருக்கு 7, 8 பேரிடம் இருக்கும். மருந்து வேண்டாம், கத்தி வேண்டாம். இந்த அரங்கில் பெரும்பாலோர் தெரியாமலே இதைச் சுமந்துகொண்டுதான் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கண்ணில் முளைத்த தோல்

பேராசிரியர் காட்டிய தகட்டுக்கு வருகிறேன். கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில், பெரும்பாலும் காதுப் பக்கமாகக் கீழே, வெண்மையாகவோ வெளிர்மஞ்சளாகவோ ஒரு சிறு மேடு. லிம்பல் டெர்மாய்ட் என்பார்கள். ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். சிலருக்கு அதிலிருந்து ஓரிரு முடியும் முளைக்கும். உள்ளே இருப்பது தோல், தோலுக்குத் தெரிந்த வேலை முடி வளர்ப்பது, அதைச் செய்கிறது.

இந்தியாவில் இதற்குச் சிகிச்சை பெறப் பழமையான இடம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகிலேயே பழைய கண் மருத்துவமனை என்று அதைச் சொல்வார்கள்.

ஒரு முறை, இந்த மேடு உள்ள கண்ணோடு ஒரு குழந்தையை இளம் தாயும் மாமியாரும் தூக்கி வந்திருந்தார்கள். எடுத்த துண்டு என்னிடம் வந்திருந்தது. முடிவு கேட்க நேரிலேயே வந்துவிட்டார்கள். மாமியார் சொன்னார்: “கெரகணத்தன்னிக்கு வெளியில போவாதன்னு படிச்சிப் படிச்சி சொன்னேன் டாக்டரம்மா. கேக்கல. காய் வேற அரிஞ்சா. அதான் கொழந்த கண்ணுல பூ உழுந்திடுச்சி.” மருமகள் தலை நிமிரவே இல்லை. நான் அந்த அம்மாவை உள்ளே அழைத்து நுண்ணோக்கியில் குனியச் சொன்னேன். “பெரியம்மா, இது பூ இல்ல. நம்ம கையில இருக்கற தோல்தான். வயித்துல ரெண்டாம் மாசம் கண்ணு உருவாகறப்பவே தங்கிப் போயிருக்கு. அப்ப இவங்களுக்குத் தான் முழுகாம இருக்கறதே சரியாத் தெரிஞ்சிருக்காது” என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மருமகள் கையிலிருந்த குழந்தையைத் தானே வாங்கிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

கிரகணம் உடம்பில் திசுவை இடம் மாற்றுவதில்லை. தாய் அரிந்த கத்தரிக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் கெடுதல் இல்லாத கட்டி என்று விட்டுவிடலாமா? கூடாது. இந்த மேடு கருவிழியின் வளைவை இழுத்துக் கோணலாக்கும். காட்சி மங்கலாக விழும். மங்கலாகத் தெரியும் கண்ணை மூளை மெல்ல ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்கிறோமே, அது. 7, 8 வயதுக்குப் பிறகு அதைத் திருத்துவது கடினம். கட்டியை எடுப்பதைவிட, சரியான கண்ணாடியை உரிய வயதில் போட்டு, நல்ல கண்ணை மறைத்து இந்தக் கண்ணுக்கு வேலை கொடுப்பதுதான் பல குழந்தைகளுக்குப் பார்வையைக் காப்பாற்றுகிறது. எடுத்த பிறகும் வளைவுக் கோணல் முழுதும் போய்விடாது. கண்ணாடி தொடர வேண்டும். இன்னொன்று, இப்படிப் பிறந்த குழந்தைகளில் கணிசமானோருக்குக் காதோரத்தில் சிறு தோல் முடிச்சும் முதுகெலும்பில் குறையும் சேர்ந்தே இருக்கும். 1952இல் கோல்டன்ஹார் இந்தக் கூட்டை விவரித்தார். ஆகவே கண்ணைப் பார்க்கும் மருத்துவர் காதையும் முதுகையும் பார்ப்பார். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு 2 முறை மருத்துவக் குழு வருகிறதல்லவா, அன்று குழந்தையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

குடலில் ஒரு துளி இரைப்பை

கருவில் குடலையும் கருவுணவுப் பையையும் இணைக்கும் ஒரு குழாய் உண்டு. 7ஆம் வாரத்தை ஒட்டி அது மறைந்துவிட வேண்டும். 100 பேரில் 2 பேருக்கு அதன் அடிப்பகுதி சிறுகுடலில் ஒரு சிறு பையாகத் தங்கிவிடும். ஹாலே நகரத்து யோஹான் ஃப்ரெட்ரிஷ் மெக்கல் 1809இல் இதன் கருவியல் காரணத்தை விளக்கினார். மெக்கல் பை என்று பெயர். மாணவர்களுக்கு நாங்கள் ‘இரண்டுகள் கணக்கு’ என்று சொல்லித் தருவோம்: 100க்கு 2 பேர், பெருங்குடல் சேரும் இடத்துக்கு 2 அடி முன்னால், 2 அங்குல நீளம், தொல்லை தருவது பெரும்பாலும் 2 வயதுக்குள்.

பையால் மட்டும் தொல்லை குறைவு. சிலருடைய பைக்குள் இரைப்பையின் உள்சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். அது நோயுற்ற சவ்வு அல்ல, கடமை தவறாத சவ்வு. இரைப்பையில் இருந்தால் செய்ய வேண்டிய வேலையை இங்கேயும் செய்கிறது: அமிலம் சுரக்கிறது. இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு உண்டு. பக்கத்துக் குடல் சுவருக்கு அது கிடையாது. புண்ணாகிறது, இரத்தம் கசிகிறது. வலி ஒன்றும் சொல்லாத குழந்தை திடீரென்று செங்கல் நிறத்தில் இரத்தமாக மலம் கழிக்கும். பெற்றோர் கதிகலங்கிப் போவார்கள்.

இதைக் கண்டுபிடிக்கும் முறையைப் பாருங்கள். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைச் சிறு அளவில் ஊசியில் ஏற்றுவார்கள். 6 மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். இரைப்பைச் சவ்வு அதை உறிஞ்சிக்கொள்ளும். படக்கருவியில் இரைப்பை ஒளிரும். அதே நேரத்தில் அடிவயிற்றின் வலப்பக்கம் ஒரு சிறு புள்ளியும் ஒளிரும். எங்கே ஒளிந்திருந்தாலும் இரைப்பை தன்னை இரைப்பை என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. இங்கே விடை அறுவைதான். பையை எடுத்தால் குழந்தை குணமாகிவிடும். எடுப்பதால் இழப்பும் இல்லை, ஏனென்றால் அசல் இரைப்பை தன் இடத்தில் இருக்கிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாக்கடியில் இருந்த ஒரே சுரப்பி

தைராய்டு கழுத்தில் பிறப்பதில்லை. கருவின் 4ஆம் வாரத்தில் நாக்கின் அடியில் தோன்றி, மெல்லக் கீழிறங்கி, 7ஆம் வாரத்தில் கழுத்துக்கு வந்து சேர்கிறது. புறப்பட்ட இடத்தின் அடையாளமாக நாக்கின் பின்பகுதியில் ஒரு சிறு குழி நமக்கெல்லாம் உண்டு. வழியில் குழாயின் ஒரு துண்டு மறையாமல் தங்கினால் கழுத்து நடுவில் நீர்க்கட்டி வரும். “நாக்கை நீட்டு கண்ணு” என்றால், குழந்தை நாக்கை நீட்டும்போது கட்டி மேலே ஏறும். மருத்துவக் கல்லூரியில் எல்லோருக்கும் பிடித்த சோதனை இது.

அபூர்வமாக, ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒருவருக்கு, சுரப்பி புறப்படவே புறப்படாது. நாக்கடியிலேயே தங்கிவிடும். பெண்களிடம் இது அதிகம். பூப்பெய்தும் வயதிலோ கர்ப்பத்திலோ உடம்பு கூடுதல் தைராய்டு சுரப்பு கேட்கும்போது பருக்கும். விழுங்கினால் தடை, பேசினால் ‘வாயில் கொழுக்கட்டையா?’ என்று பிறர் கேட்கும் குரல்.

இந்த அரங்கில் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். ஒரு முறை எனக்கு ஒரு பாட்டில் வந்தது. கூட வந்த படிவத்தில் ‘கட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தது. எந்த இடம் என்ற கட்டம் காலி. தகட்டைப் பார்த்தேன். வட்ட வட்டமான பைகள், உள்ளே ரோஜா நிறக் கூழ், எல்லாம் பாடப்புத்தகத்தில் வரைந்தது போன்ற ஆரோக்கியமான தைராய்டு. கழுத்துக் கட்டியாக இருக்கும் என்று எண்ணி, வழக்கம்போல் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளத் தொலைபேசியில் அழைத்தேன். 14 வயதுப் பெண், நாக்கடியிலிருந்து எடுத்தது என்றார்கள். “கழுத்தில் தைராய்டு இருக்கிறதா என்று முன்னாடி ஸ்கேன் பார்த்தீர்களா?” என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை.

பார்க்கவில்லை. பிறகு பார்த்தார்கள். கழுத்தில் ஒன்றுமில்லை. வெட்டி எடுத்ததுதான் அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே தைராய்டு. நாக்கடித் தைராய்டு உள்ள 10 பேரில் சுமார் 7 பேருக்கு இதுதான் நிலைமை. நல்லவேளை, உரிய நேரத்தில் தெரிந்ததால் தைராக்ஸின் மாத்திரை தொடங்கினார்கள். இன்றைக்கும் காலையில் காபிக்கு அரை மணி முன்னால் வெறும் வயிற்றில் அந்த மாத்திரை. ஆயுசுக்கும். முன்பே தெரிந்திருந்தாலும் மாத்திரை தேவைப்பட்டிருக்கலாம். பலருக்கு மாத்திரையிலேயே கட்டி சுருங்கும், கத்தியே வேண்டியிருக்காது. இங்கே கத்தி முதலில் வந்துவிட்டது.

குடலில் தேடிய அதே டெக்னீசியத்தைத் தைராய்டும் உறிஞ்சும். ஊசி போட்டுப் படம் எடுத்தால் நாக்கடியில் மட்டும் ஒளிர்கிறதா, கழுத்திலும் ஒளிர்கிறதா என்று தெரிந்துவிடும். அதுகூட வேண்டாம், சாதாரண அல்ட்ராசவுண்டே கழுத்தில் சுரப்பி இருக்கிறதா என்று காட்டிவிடும்.

கைபட்டு இடம் மாறியது

பிறவியில் வராமல் இடம் மாறும் திசுவும் உண்டு. கண்டிப்பான இலக்கணப்படி அது கோரிஸ்டோமா ஆகாது. ஆனால் தாய்மார்கள் நிறைந்த கூட்டத்தில் சொல்லாமல் போகக்கூடாது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். அறுவையின்போது கருப்பை உள்சவ்வின் சில செல்கள் தழும்பில் ஒட்டிக்கொள்வது எப்போதாவது நடக்கும். அவை அங்கேயும் மாதாமாதம் தம் நாளைக் கணக்கு வைத்துக்கொண்டு வீங்கும், வலிக்கும். தையல் நூல் கட்டி என்றோ குடலிறக்கம் என்றோ பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். தழும்பில் முடிச்சும் வலியும் இருந்தால், வலி வந்த தேதியையும் மாதவிலக்குத் தேதியையும் சமையலறை மாதக் காலண்டரில் 3 மாதம் குறித்துக்கொண்டு போங்கள். அந்தக் காலண்டரே பாதி நோயறிதல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரசவமான 3ஆம் நாள் அக்குளில் வீங்கி, “நெறி கட்டியிருக்கு” என்று பயப்படுவார்கள். பல நேரம் அது நெறி அல்ல. அக்குளில் தங்கிய மார்பகத் திசு, பால் கட்டி வீங்கியிருக்கும். தானே வடியும். ஆனால் மார்பகத்துக்கு வரும் எந்த நோயும் அதற்கும் வரலாம். மார்பைப் பரிசோதிக்கும்போது அக்குளையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்று கேள்விகள்

ஆக, கட்டி என்று சொன்னால் பயப்படும் முன் கேட்க வேண்டியவை மூன்று. இது என்ன திசு? இது இங்கே வேலை செய்கிறதா? இதே திசு தன் சொந்த இடத்தில் இருக்கிறதா? கண்ணில் இருந்த தோலுக்கு முதல் கேள்வி போதும். குடலில் இருந்த இரைப்பைக்கு இரண்டாவது கேள்வி விடை சொன்னது. நாக்கடித் தைராய்டில் மூன்றாவதைக் கேட்காமல் விட்டதற்கு ஒரு பெண் தன் ஒரே சுரப்பியை இழந்தாள். மருத்துவரிடம் இதைக் கேட்பது அவரை எதிர்த்துப் பேசுவதாகாது. “டாக்டர், கழுத்துல சுரப்பி இருக்கான்னு பாத்துட்டீங்களா?” என்று ஆவடி அரசு மருத்துவமனையில் கேட்டாலும், 2022 முதல் நடக்கும் திருவள்ளூர் மருத்துவக் கல்லூரியில் கேட்டாலும் நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எடுத்த கட்டி எவ்வளவு சிறியதானாலும் பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அறிக்கையை ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வையுங்கள். பாட்டிலை உங்கள் கையில் கொடுத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால், கொண்டுபோகும் முன் ஒரு நிமிடம் நின்று மேலே ஒட்டிய சீட்டைப் படியுங்கள். நோயாளியின் பெயர் இருக்கிறதா? உடம்பில் எந்த இடம், எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறதா? இல்லாவிட்டால் திரும்பிப் போய் எழுதி வாங்கி வாருங்கள். நுண்ணோக்கிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு அந்த ஒரு வரி தெரிந்தாக வேண்டும்.